ஸப்ரும் முஹாஸபாவும்: 'ஒஷின்' தொடரும் நமது நினைவெழுத்தும்

இலங்கை முஸ்லிம்களின் தமிழ்ப் பங்களிப்பைப் பேச எழுந்தால் நம்மிடம் பட்டியல்களுக்குக் குறைவில்லை. புலவர்கள், சிறுகதையாசிரியர்கள், நாவலாசிரியர்கள், புதுக்கவிஞர்கள் என்று தனித்தனியே ஆய்வரங்குகள் நடந்துள்ளன, மலர்களும் வெளிவந்துள்ளன. ஆனால் இந்தப் பட்டியல்கள் எதிலும் தனித் தலைப்புப் பெறாத ஓர் எழுத்து வகை உண்டு. ஒருவர் தான் கடந்து வந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, அதனோடு வாதாடி, அதிலிருந்து ஏதோ ஒன்றை விளங்கிக்கொள்ள முயலும் கட்டுரைதான் அது. மர்ஹூம்களைப் புகழும் நினைவுக் கட்டுரை வேறு. ஊரின் பெருமை கூறும் வரலாற்றுக் கட்டுரை வேறு.

தமிழில் இதற்கு நிலையான பெயர் இன்னும் அமையவில்லை. வ.ரா. 'நடைச்சித்திரம்' என்றார். அது பெரும்பாலும் பிறரைத் தீட்டும் சித்திரம். கே.எஸ். சிவகுமாரன் 'பத்தி எழுத்து' என்ற பெயருக்கு இந்நாட்டில் ஒரு கௌரவத்தைத் தேடித் தந்தார். அவர் 2022இல் மறையும்வரை அந்த வகையைக் கைவிடவில்லை. எஸ்.பொன்னுத்துரை தமது இளமைக்கால யாழ்ப்பாணத்தை எழுதியபோது 'நனவிடை தோய்தல்' என்று பெயரிட்டார். சொல் அழகானது, ஆனால் தோய்தல் என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் இங்கே கருதுவதில் சுகத்தைவிட விசாரணை அதிகம். ஆகவே வசதிக்காக இக்கட்டுரையில் 'நினைவெழுத்து' என்ற பொதுச் சொல்லையே கையாள்கிறேன்.

இந்த வகை நம்மிடையே ஏன் செழிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேட நான் போகும் இடம் சிலருக்கு வியப்பளிக்கலாம். அது ஒரு தொலைக்காட்சித் தொடர். தொலைக்காட்சி வந்தது, வாசிப்புப் போனது என்பது நமது கூட்டங்களில் சலிக்காமல் சொல்லப்படும் வாக்கியம். மார்க்க மேடைகளில் அந்தப் பெட்டிக்கு வேறு பெயர்களும் சூட்டப்பட்டன. என் தலைமுறையில் சிலருக்கேனும் அனுபவம் வேறாக இருந்தது. நினைவெழுத்தின் மீது எனக்கு ஏற்பட்ட விருப்பத்தின் முதல் வித்து எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ரூபவாஹினியில் எண்பதுகளில் சிங்கள மொழிமாற்றத்தோடு ஒளிபரப்பான ஜப்பானியத் தொடரான 'ஒஷின்' தான் அந்த வித்து.

*

சில விபரங்களை முதலில் சொல்லிவிடலாம். இந்நாட்டில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் திகதி ஐ.ரி.என். வழியாகத் தனியார் முயற்சியாகத் தொடங்கியது. அதே ஆண்டிலேயே அது அரசின் கைக்குப் போயிற்று. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஆரம்பமானது. அதன் கட்டடமும் கருவிகளும் ஜப்பானிய அரசின் நன்கொடை. 1951இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானிடம் யுத்த நட்டஈடு கேட்கமாட்டோம் என்று இலங்கையின் சார்பில் பேசியவர் ஜே.ஆர். ஜயவர்தன. ரூபவாஹினி ஆரம்பமானபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. பெட்டியும் கோபுரமும் தந்த நாட்டிலிருந்தே கதையும் வந்தது. பிறநாட்டு நிகழ்ச்சிகளைச் சிங்களத்தில் பேசவைக்கும் கலையை ரூபவாஹினியில் வளர்த்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) படத்தைத் தொகுத்தவர் அவர். அந்தக் கலையின் தேர்ச்சியினால்தான் ஜப்பானியக் கிழவி ஒருத்தி கொழும்புத் தோட்டங்களில் நம்மோடு பேசுவதுபோல இருந்தது.

'ஒஷின்' என்.எச்.கே. நிறுவனத்தின் காலைநேரத் தொடர். 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, 15 நிமிடங்கள் கொண்ட 297 பகுதிகளாக ஜப்பானில் ஒளிபரப்பானது. எழுதியவர் சுகாகோ ஹஷிடா என்ற பெண்மணி; 2021இல் தமது 95ஆவது வயதில் காலமானார். ஜப்பானில் அதன் சராசரிப் பார்வையாளர் வீதம் 52.6, உச்சம் 62.9. பின்னர் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அது காட்டப்பட்டது.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு வீட்டில்தான் இருந்தது. துறைமுகத்தில் வேலைபார்த்த ஒரு கத்தோலிக்கத் தமிழரின் வீடு. கறுப்பு வெள்ளைப் பெட்டி. 'ஒஷின்' நேரத்தில் கதவுச் சேலையை ஒதுக்கிவிட்டு வாசற்படிவரை எல்லாருக்கும் இடம் கொடுப்பார்கள். தமிழ், சிங்கள, மலாய் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். என் உம்மும்மாவும் வந்து பின்வரிசையில் பாய் ஓரத்தில் அமர்ந்துகொள்வார். அவருக்குத் தெரிந்த சிங்களம் மீன்காரனோடும் மரக்கறிக்காரனோடும் பேசப் போதுமானது, அதற்குமேல் இல்லை. ஆகவே நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லவேண்டும். விளங்கியதைச் சொல்வேன், விளங்காத இடத்தை முகங்களைப் பார்த்து நிரப்புவேன். ஒருநாள் உம்மும்மா கேட்டார்: "அந்தக் கெழவி இதெல்லாம் முந்தியே பிள்ளைகள்ட்ட சொல்லியிருக்கலாந்தானே மகன்? இப்ப எதுக்கு பேரன்ட்ட சொல்லிக்கொண்டு திரியிறா?"

அந்த வயதில் என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'ஒஷின்' பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைப் பின்னாளில் வாசித்தபோது, எழுத்தறிவில்லாத அந்தப் பெண்மணியின் கேள்விதான் தொடரின் நடு முடிச்சைத் தொட்டிருக்கிறது என்று விளங்கிற்று. பெரும்பாலான விமர்சனங்கள் அந்த முடிச்சைத் தொடவே இல்லை.

*

பெரும்பாலோர் நினைவில் நிற்கும் 'ஒஷின்' ஏழு வயதுச் சிறுமி. யமகத்தாப் பகுதியின் ஏழை விவசாயக் குடும்பம். ஒரு மூட்டை அரிசிக்காக அவளை மரவியாபாரி வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள். பனி மூடிய ஆற்றில் மரத்தெப்பத்தில் அவள் போகும்போது தாயும் தகப்பனும் கரையில் நிற்கும் காட்சியைக் கண்டு அழாதவர் இல்லை. நமது பெண்கள் அந்தப் பிள்ளையை ஒரே சொல்லால் விளங்கிக்கொண்டார்கள்: ஸப்ர். பொறுமை. ஜப்பானியர்களும் அவ்வாறுதான் விளங்கினார்கள். கஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளுதல் என்பதற்கு 'ஒஷின்' என்ற பெயரே மறுபெயராயிற்று.

ஆனால் தொடர் சிறுமியிலிருந்து தொடங்கவில்லை. அது 1983இல், எண்பது வயதைத் தாண்டிய ஒஷினிலிருந்து தொடங்குகிறது. அவளது குடும்பம் பல்பொருள் அங்காடிகள் நடத்தும் செல்வந்தக் குடும்பம். 17ஆவது கிளையின் திறப்பு விழா நாள். அன்று கிழவி வீட்டில் இல்லை. ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டாள். கொகேஷி என்னும் மரப்பொம்மையை ஞாபகத்தில் வைத்து, அவள் எங்கே போயிருப்பாள் என்று ஊகித்துத் தேடிவருகிறான் பேரன். பிறகு இருவரும் அவள் வாழ்ந்த ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போகிறார்கள். அந்தப் பயணத்தினூடேதான் சிறுமியின் கதை சொல்லப்படுகிறது.

ஏன் புறப்பட்டாள்? அவளுடைய மகன் திறக்கும் புதிய கிளை, ஒருகாலத்தில் அவளுக்குப் பேருதவி செய்த மனிதரின் குடும்பக் கடையை நசித்துவிடும். மகனுக்கு அது வியாபாரம். அவளுக்கோ அது ஒரு கேள்வி: இப்படிப்பட்ட மகனை வளர்த்தது யார்? எந்த இடத்தில் பாதை மாறிற்று? தன் வெற்றியின் உச்சத்தில் நின்று ஒருத்தி தன் மீதே கேட்கும் கேள்வி அது. இதைக் கழற்றிவிட்டால் 'ஒஷின்' வெறும் கண்ணீர்க் கதை. இதை வைத்துப் பார்த்தால் அது ஒரு கணக்குப் பார்த்தல். நம் மொழியில் சொன்னால், முஹாஸபா.

இந்த வாசிப்பை உறுதிப்படுத்தும் இரு இடங்களைச் சுட்டுகிறேன்.

ஒன்று, அவள் எழுத்துக் கற்கும் இடம். திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டு மரவியாபாரி வீட்டிலிருந்து ஓடிப்போகும் சிறுமி பனியில் விழுகிறாள். அவளைக் காப்பாற்றுகிறவன் ஷுன்சாகு. ரஷ்ய - ஜப்பானிய யுத்தத்திலிருந்து தப்பியோடி மலையில் மறைந்து வாழும் படைவீரன். அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறவன் அவன்தான். ஹார்மோனிக்காவும் கொடுக்கிறான். போருக்குப் போன தம்பியைச் சாகாதே என்று கேட்டு யொசானோ அகிக்கோ 1904இல் எழுதிய கவிதையை அவன் வாயிலாகவே அவள் அறிகிறாள். பனி உருகியபின் அவளை வீட்டுக்குக் கூட்டிச்செல்லும் வழியில் இராணுவப் பொலிஸார் அவனைச் சுட்டுக்கொல்கிறார்கள். எழுத்தும் போர் மறுப்பும் அவளுக்கு ஒரே கையிலிருந்து கிடைத்தன. வடக்கில் யுத்தம், தெற்கில் ஊரடங்கு என்று இருந்த அந்த ஆண்டுகளில், சிங்களம் பேசும் ஒரு ஜப்பானியப் படைவீரன் கொல்வதற்கு மறுத்து ஓடிவந்ததை நாங்கள் எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்து பார்த்தோம். அரச தொலைக்காட்சியில் அன்று வேறெவரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது, இரண்டாம் உலக யுத்தப் பகுதி. ஒஷினின் கணவன் ரியூஸோ இராணுவத்துக்குப் பொருள் வழங்கி வளம் பெறுகிறான். ஊரின் இளைஞர்களைப் போருக்கு அனுப்புவதில் முன்னிற்கிறான். மூத்த மகனும் போரில் மாண்டுபோகிறான். 1945இல் ஜப்பான் சரணடைந்தபின், தான் அனுப்பிய பிள்ளைகளுக்கான பொறுப்பைச் சுமக்கமுடியாமல் ரியூஸோ உயிரை மாய்த்துக்கொள்கிறான். நமது மார்க்கம் அனுமதிக்காத முடிவு அது. இங்கே நமக்கு முக்கியமானவள் ஒஷின். போர் கூடாது என்று ஏழு வயதிலேயே கற்றவள், குடும்பத்தின் வாழ்வுக்காகப் போர்க்காலத்தில் வாய்மூடி இருந்துவிட்டாள். பிறர் தனக்குச் செய்த கொடுமைகளைச் சொல்வது இலகு. தெரிந்திருந்தும் தான் பேசாதிருந்ததைச் சொல்வது இலகல்ல. கிழவி பிள்ளைகளிடம் முன்னமே சொல்லாமல் இருந்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. சொல்வதற்கு அவளுக்கு அத்தனை வயது தேவைப்பட்டது.

*

முஸ்லிம் உலகில் 'ஒஷின்' எப்படி வாசிக்கப்பட்டது என்பதற்கு ஈரான் ஓர் உதாரணம். எண்பதுகளின் பிற்பகுதியில் அங்கே அத்தொடர் பெரும் வரவேற்புப் பெற்றது. 1989 ஜனவரியில், பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் பிறந்த தினத்தையொட்டிய வானொலி நிகழ்ச்சி ஒன்றில் உங்கள் முன்மாதிரி யார் என்ற கேள்விக்கு ஒரு பெண் ஒஷினின் பெயரைச் சொல்லிவிட்டார். ஆயத்துல்லாஹ் கொமெய்னி கடுங்கோபம் கொண்டார். வானொலி அதிகாரிகள் தண்டனைக்குள்ளாகி, பின்னர் மன்னிக்கப்பட்டார்கள்.

இச்சம்பவத்தைச் சிலர் நகைச்சுவையாகவும் சிலர் அடக்குமுறையின் சான்றாகவும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது ஒரு வாசிப்புப் பிழை. கேட்டவர், பதில் சொன்னவர், கோபித்தவர் ஆகிய மூவருமே ஒரு வாழ்க்கைக் கதையை 'முன்மாதிரி' என்ற ஒரே அளவுகோலால் அளந்தார்கள். ஒஷின் முன்மாதிரியாக நிற்க விரும்பிய பாத்திரம் அல்ல. தான் முன்மாதிரியா என்று சந்தேகப்பட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவள் அவள்.

நமது சூழலிலும் இதே பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வாழ்க்கையைப் பற்றி எழுதினால் அதில் படிப்பினை இருக்கவேண்டும். எழுதப்படுகிறவர் பின்பற்றத் தக்கவராக இருக்கவேண்டும். வானொலி முஸ்லிம் நிகழ்ச்சியின் சிந்தனை உரைகள் நம் தமிழுக்குத் தெளிவும் ஒலிநயமும் தந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த உரைகளின் வடிவம் நமது கட்டுரைகளுக்குள் அப்படியே புகுந்துவிட்டது. ஒரு சிறு சம்பவம், அதன்பின் ஒரு நீதி, இறுதியில் ஒரு பிரார்த்தனை. சிந்தனை உரைக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அது அதன் கடமை. நினைவெழுத்தோ விடை தெரியாமல் தொடங்குவது. இரண்டையும் ஒன்றாகக் கருதியதால் இரண்டாவது பிறக்கவே இடமில்லாமல் போயிற்று.

இதில் வருத்தம் என்னவென்றால், விசாரணையோடு கூடிய சுயசரிதம் நமக்கு வெளியிலிருந்து வந்த பண்டம் அல்ல. மறுமையில் கணக்குக் கேட்கப்படுமுன் இம்மையில் தன்னைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாகச் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். 857இல் மறைந்த ஹாரிஸ் அல் முஹாஸிபிக்கு இப்பெயர் வந்ததே தன்னை இடைவிடாது கணக்குப் பார்த்ததனால்தான். இமாம் கஸ்ஸாலி 'அல் முன்கித்' நூலில் தமது வாழ்வின் நெருக்கடியை எழுதினார். 1095இல், பக்தாதின் மிகப்பெரிய ஆசானாக இருந்தபோது, தமது போதனைக்குப் பின்னால் இருப்பது இறைவனா புகழா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. போவதா இருப்பதா என்று மாதக்கணக்கில் தடுமாறினார். இறுதியில் பாடம் நடத்த நாவே எழவில்லை. உம்மத்தின் பேரறிஞர் ஒருவர் தமது நிய்யத்தைச் சந்தேகித்ததைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். நமது சஞ்சிகை ஒன்றுக்கு இன்று அப்படியொரு கட்டுரை வந்தால் ஆசிரியர் குழு தயங்காமல் பிரசுரிக்குமா என்பது என் சந்தேகம்.

நவீன காலத்தில் இரு நூல்களைச் சொல்லலாம். எகிப்தின் தாஹா ஹுஸைன் 'அல் அய்யாம்' (முதற்பாகம் 1929) நூலில் கண்பார்வை இழந்த சிறுவனான தன்னை 'அவன்' என்றே குறிப்பிடுகிறார். எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் ஒரே மனிதர்; ஆயினும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. மற்றது முஹம்மத் அஸத் 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, மக்காவுக்கான பாதை பற்றிய நூல். 1932இல் பாலைவனத்தினூடே மக்காவை நோக்கி 23 நாட்கள் ஒட்டகத்தில் போன பயணம் ஒன்று அதில் நிகழ்காலமாக ஓடுகிறது. அதன் இடையிடையே ஐரோப்பிய யூத இளைஞனாக இருந்த தனது கடந்தகாலம் விரிகிறது. 'ஒஷின்' தொடரின் அமைப்பும் இதுவே: நிகழ்காலத்தில் ஒரு பயணம், அதன் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கடந்தகாலத்தின் ஒரு கதவு. கிழவிக்கும் அஸதுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. நினைவெழுத்துக்கு இயல்பாகப் பொருந்தும் சட்டகம் அது என்பதால் இருவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று கருதுகிறேன்.

*

இனி நமது நாட்டுக்கு வருவோம். பின்னர் நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தபோது கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தது. அந்தக் கிழவியின் குரலைத் தமிழ்ப் புத்தகங்களில் தேடிய ஆண்டுகள் அவை. கிடைத்தவற்றில் இரண்டை மட்டும் இங்கே எடுக்கிறேன்.

அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸின் பயண நூல்கள் நமது உரைநடையின் சொத்து. 'மிஸ்ரின் வசியம்', 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்' ஆகியவற்றில் தமிழ் தெளிந்த நீரோட்டமாக ஓடுகிறது. உலக முஸ்லிம் சமுதாயத்தை இலங்கை முஸ்லிமுக்குத் தமிழில் அறிமுகப்படுத்திய பணி மகத்தானது. ஆயினும் என் வாசிப்பில் அவருடையது வெளியே பார்க்கும் கண். தம்மைப் பற்றிச் சொல்வதில் அவர் மிகச் சிக்கனமானவர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்ற முதலாவது முஸ்லிமாகி, ஸாஹிராவின் அதிபராகி, ஒரு சமுதாயத்தின் கல்விக் கனவைத் தோளில் சுமந்த மனிதர் இரவில் தனித்திருந்து எதைப் பற்றிக் கவலைப்பட்டார்? நமக்குத் தெரியாது. அவரது காலத்தில் தலைவர் ஒருவர் அதை எழுதுவது மரபல்ல. அந்த அடக்கத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அதையே இலக்கணமாக்கிக்கொண்டதைக் கேள்வி கேட்கலாம்.

மறுபுறத்தில் டொமினிக் ஜீவா. 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' தொண்ணூறுகளில் கொழும்புக்கு வந்து, கொழும்பு 13இல் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 2012வரை வெளிவந்தது. கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு அது கூப்பிடு தூரம். அவரது 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற சுயசரிதை, சவரத் தொழிலாளியாகத் தொடங்கிய வாழ்வையும் சாதியின் பெயரால் பட்ட அவமானங்களையும் மறைக்காமல் வைக்கிறது. நமது முஸ்லிம் எழுத்தாளர்கள் பலர் 'மல்லிகை'ப் பந்தலில் வளர்ந்தவர்கள். அவரிடம் கதை எழுதக் கற்றார்கள். சோர்வில்லாத உழைப்பைக் கற்றார்கள். தன்னைத் திறந்து வைக்கும் துணிவை ஏன் கற்கவில்லை? ஜீவாவுக்கு எதிரி வெளியே இருந்தான் என்பது ஒரு காரணம். சாதிக்கொடுமையை எழுதும்போது சுயசரிதையே ஆயுதமாகிவிடுகிறது. நமக்கோ, நம்மைப் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் பிறர் கையில் ஆயுதமாகிவிடுமோ என்ற அச்சம்.

பத்தி எழுத்தில் நிலைமை சற்று மேல். 'யாத்ரா' ஆசிரியர் அஷ்ரஃப் சிஹாப்தீனின் 'தீர்க்க வர்ணம்' பத்திகளில் தான் கண்டதையும் கேட்டதையும் தன் குரலில் பேசும் சுதந்திரம் இருக்கிறது. அங்கதம் அவருக்குக் கைவந்த ஆயுதம். பத்தியின் இடவசதி சிறிது. நீண்ட விசாரணைக்கு அது போதாது. ஆனால் 'நான்' என்று தொடங்கினால் தற்பெருமை என்று கருதும் நமது வாசகரை, அந்தச் சொல்லுக்குப் பழக்கிய பெருமை பத்தி எழுத்தாளர்களுக்கு உண்டு.

நமது நினைவுக் கட்டுரைகளில் நான் காணும் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, அவற்றில் ஒரே ஒரு 'நான்' தான் இருக்கிறது. அன்றைய நானும் இன்றைய நானும் ஒரே கருத்தைச் சொல்கிறார்கள். 'ஒஷின்' தொடரில் சிறுமி அறியாததைக் கிழவி அறிவாள். கிழவி மறந்த தைரியம் சிறுமியிடம் இருக்கும். இரண்டும் மோதும்போதுதான் எழுத்து பிறக்கிறது. இரண்டாவது, பொருட்கள் இல்லை. ஒரு மூட்டை அரிசி, ஒரு மரப்பொம்மை, பாட்டி கொடுத்த ஒரு வெள்ளி நாணயம் ஆகியவை இல்லையென்றால் 'ஒஷின்' இல்லை. நமது கட்டுரைகளிலோ வறுமை, அன்பு, ஒற்றுமை என்ற பெரிய சொற்கள்தாம் நடமாடுகின்றன. மூன்றாவது, அந்தக் காலம் பொற்காலம் என்ற முடிந்த தீர்ப்பு. அன்றைய தோட்டத்தில் எல்லா இனத்தவரும் ஒரே பாயில் இருந்தோம் என்று நானும் மேலே எழுதினேன். அதோடு அது முடிந்துவிட்டால் அது பொய்யாகிவிடும். 1983 ஜூலையில் இதே கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஒரே பாயில் இருந்தவர்கள் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. பாயை எழுதுவதைவிட அந்த மௌனத்தை எழுதுவது கடினம்.

*

இதெல்லாம் வெறும் இலக்கிய வகை பற்றிய கவலை என்று ஒருவர் கேட்கலாம். அவ்வாறல்ல என்பதற்கு இரு நிகழ்வுகளைச் சொல்லவேண்டும்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்து முகாம்களிலிருந்து கவிதைகள் வந்தன, கதைகள் வந்தன, அறிக்கைகள் வந்தன. அவற்றின் பெறுமதி குறைவானதல்ல. ஆனால் அந்த வீட்டுச் சாவியை மூன்று தசாப்தங்கள் வைத்திருந்த ஒருவர், தன் தமிழ் அயலவனைப் பற்றிய அன்பையும் கசப்பையும் ஒரே பக்கத்தில் வைத்து, தன் பிள்ளைகளிடம் எதைச் சொன்னோம், எதை மறைத்தோம் என்று எழுதியது எத்தனை? அந்தத் தலைமுறை நம் கண்முன் குறைந்துகொண்டு போகிறது. ஒஷினுக்குக் கிடைத்த பேரன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

மற்றது 2019 ஏப்ரல் 21. அன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனுக்கு அது பக்கத்துத் தெரு. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் தோட்டத்துப் பெண்கள், மதம் பாராமல் சிலர், அந்த ஆலயத்துக்குப் போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளுக்குப் பின் நமது சமுதாயம் எழுதியவற்றில் பெரும்பகுதி கண்டனமும் விளக்கமும் தற்காப்பும். அது தவிர்க்க முடியாததாக இருந்தது. வீட்டிலிருந்த அரபு நூல்களையே ஒளித்துவைக்க வேண்டியிருந்த நாட்களில் ஒருவர் எப்படி மனம் திறந்து எழுதுவார்? 2020இல் கொவிட்டால் மரணித்த நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரிவரை அந்தக் கட்டாயம் நீடித்தது. காயத்தின் மேல் காயம் விழும்போது சுயவிசாரணை பற்றிப் பேசுவது கொடுமையாகக்கூடத் தோன்றும்.

ஆனாலும் இந்த இடத்தில்தான் ஸப்ருக்கும் முஹாஸபாவுக்கும் உள்ள வேறுபாடு உயிர் பெறுகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் தன்னைக் கேட்டுக்கொள்வதும் ஒன்றல்ல. ஒரு சிலர் செய்த பாதகத்துக்கு ஒரு சமுதாயம் பொறுப்பாளி ஆகாது. அதே சமயம், நமது பள்ளிவாசல் முற்றங்களில், வீடுகளில், மத்ரஸாக்களில் கடந்த நாற்பது ஆண்டுகளில் பேச்சு எப்படி மாறிற்று, அயலவன் எப்படித் தூரமானான், நாம் எப்போது கவனித்தும் பேசாதிருந்தோம் என்பவை நமக்கே உரிய கேள்விகள். அவற்றை வேறொருவர் நமக்காகக் கேட்டால் அது பொலிஸ் விசாரணை. நாமே நம் மொழியில் கேட்டால் அது இலக்கியம். முன்னையதற்குப் பயந்து பின்னையதையும் விட்டுவிட்டால், நமது பேரப்பிள்ளைகளுக்கு நம்மைப் பற்றிக் கிடைக்கப்போவது பிறர் எழுதிய கோவைகள் மட்டுமே.

முஹாஸபா ஸப்ருக்கு எதிரானதல்ல. தாங்கியவருக்கே கணக்குப் பார்க்கும் தகுதி உண்டு. கணக்குப் பார்க்காத பொறுமை காலப்போக்கில் மரத்துப்போன பழக்கமாகிவிடும். 'ஒஷின்' தொடரை ஸப்ர் கதையாக மாத்திரம் வாசித்த நாம், நமது சொந்தக் கதைகளையும் அவ்வாறே எழுதி வந்திருக்கிறோம். பட்ட துன்பங்களின் பட்டியல் நம்மிடம் நீளமானது, உண்மையானது. அந்தப் பட்டியலை எழுதிய கை அடுத்த பக்கத்தைத் திருப்பவேண்டும்.

அதற்கு முதலில் இடம் கொடுக்கவேண்டியவை நம்முடையவை போன்ற சஞ்சிகைகளே. படிப்பினை இல்லையே என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பாதிருப்போம். எழுதுகிறவர் பிரபலமானவரா என்றும் பார்க்காதிருப்போம். தபாலதிபராக இருந்தவர், கப்பலில் போனவர், கடையில் நின்றவர், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பிய தாய் என யாராயினும் சரி, ஒரு பொருளையும் ஒரு கேள்வியையும் கொண்டுவந்தால் போதும். எழுதத் தெரியாதவரானால் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதிக்கொள்ளப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் கேள்வியை மாத்திரம் அவர்கள் கேட்டுவிட்டால் மிகுதி தானே வரும்.